நாற்பத்து நாலு பல், இருபத்திரண்டு பல்

முனீர் தோற்று வீடு திரும்பியபோது அவன் மனைவி மெஹராஜ் யாருடையதோ ஒரு ஜம்பர் ரவிக்கைக்குக் கைத்துணி வெட்டிக்கொண்டிருந்தாள். 1961, பொங்கல் கழிந்த இரண்டாவது ஞாயிறு. வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. ஆள் மட்டும் உள்ளே வரவில்லை. கத்தரியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். தன் மூணு சக்கர வண்டியின் பலகையிலேயே உட்கார்ந்து இரண்டு தொடைகளையும் அமுக்கிவிட்டுக்கொண்டிருந்தான் முனீர்.

“என்ன மச்சான், பந்தயம் ஆச்சா?”

“ஆச்சு. முத பத்துக் கெஜத்துலயே ஆச்சு.”

திண்டுக்கல் வெங்காயப் பேட்டை வியாபாரிகள் வருஷா வருஷம் தை மாதத்தில் தங்கள் சங்கத்துக்கு ஆண்டு விழா எடுப்பார்கள். காலையில் கபடி, உறியடி எல்லாம் உண்டு. ஆனால் ஊர் கூடுவது மூணு சக்கர வண்டிப் பந்தயத்துக்குத்தான். முன்னால் இரண்டு சக்கரத்துக்கு நடுவே பலகை, பின்னால் சைக்கிள் மாதிரி ஒற்றைச் சக்கரம், செயின், பெடல். இதுதான் வண்டி. பலகையில் இரண்டு மூட்டை சின்ன வெங்காயத்தை ஏற்றி, நத்தம் ரோட்டில் ஒரு பர்லாங் கல்லிலிருந்து அடுத்த பர்லாங் கல் வரை, இருநூற்றிருபது கெஜம், மிதிக்க வேண்டும். வளைவு கிடையாது, திருப்பம் கிடையாது. கொடி விழுந்ததும் யார் வண்டி முதலில் நகர்கிறதோ, யார் வண்டி முதலில் அந்தக் கல்லைத் தாண்டுகிறதோ, அவ்வளவுதான்.

முனீர் பேகம்பூரில் ஒரு தோல் ஷாப்புக்கு வண்டி ஓட்டுகிறவன். பதனிட்ட தோல்கட்டுகளை ரயிலடிக்குக் கொண்டுபோய் இறக்குவது அவன் வேலை. ஆள் ஒல்லி, கால் மட்டும் கடிகார முள் மாதிரி ஓயாமல் ஓடும். பேட்டையில் வண்டி ஓட்டுகிற ஒச்சப்பனோ வேறு வார்ப்பு. மூட்டையை முதுகில் வாங்கும்போதே ‘ஊம்’ என்று ஒரு சத்தம் போடுவான். மூட்டை தானாகப் பலகையில் போய் உட்கார்ந்துகொள்ளும். சாணார்பட்டிப் பக்கத்துக்காரன். மூன்று வருஷமாக அவன்தான் ஜெயித்துக்கொண்டிருந்தான்.

“அவன் கொடி விழுந்ததும் பெடல் மேல ஏறி நின்னான் பாரு, வண்டி கெளம்பிருச்சு. நானும் ஏறித்தான் நின்னேன். கல்லுமேல நிக்கிற மாதிரி இருந்துச்சு. மிதி கீழ எறங்கவே மாட்டேங்குது. எறங்கி, வண்டி உருண்டு, நான் நிமிர்ந்து பாக்குறப்ப அவன் இருபது கெஜம் போய்ட்டான். அப்புறம் நான் அவனைவிட வேகமாத்தான் போனேன். என்ன பிரயோசனம்? ரோடு முடிஞ்சுபோச்சு.”

மெஹராஜ் கேட்டுக்கொண்டே நின்றாள். வேறு யாராக இருந்தாலும் ‘அடுத்த வருஷம் பாத்துக்கலாம்’ என்று சொல்லிச் சோறு போட்டிருப்பார்கள். அவள் தெருவில் இறங்கி, வண்டியின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

“மச்சான், இதுல எத்தனை பல்லு?”

“எதுல?”

“இந்தப் பெருசுல. அந்தச் சின்னதுல.”

ஆறு வருஷமாக அந்த வண்டியை மிதித்தவனுக்கு அது தெரியாது. மெஹராஜ் டெய்லர் சாக்பீஸால் ஒரு பல்லில் கோடு போட்டுவிட்டு எண்ண ஆரம்பித்தாள். பெடலோடு சுற்றும் பெரிய செயின்வீலில் நாற்பத்தெட்டு. பின் சக்கரத்தின் நடுவில் இருக்கும் சின்ன பிரீவீலில் பதினெட்டு.

அவளுக்கு இது ஒன்றும் புதுசல்ல. அவளைப் பெற்ற அத்தா சேக் பரீது டெய்லர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றபிறகு அவர் கடையின் பின்கட்டில்தான் அவள் வளர்ந்தாள். நிக்காஹ் ஆனபோது சீராக ஒரு தையல் மிஷின் வந்தது. கீழே பெரிய சக்கரம், மேலே சின்னச் சக்கரம், நடுவில் தோல் வார். காலால் ஒரு மிதி மிதித்தால் மேலே ஊசி மூன்று முறைக்கு மேல் இறங்கி ஏறும். தடித்த துணி வந்தால் அதே மிதி கனத்துப்போகும். கையால் மேல் சக்கரத்தைத் தள்ளிக் கொடுத்தால்தான் நகரும். முனீர் ‘கல்லுமேல நிக்கிற மாதிரி’ என்று சொன்னதும் அவளுக்கு அந்தக் கனம் காலில் தெரிந்தது.

“உங்க காலுக்கு இது சரியில்ல மச்சான். ஒரு மிதிக்குச் சக்கரம் ரெண்டரை சுத்துக்கு மேல சுத்தப் பாக்குது. அம்புட்டையும் எடுத்த எடுப்புல இழுக்கணும்னா ஒச்சப்பண்ணன் மாதிரி ஒடம்பு வேணும்.”

“அப்ப நான் கறி தின்னு ஒடம்பு ஏத்தணுமா?”

“வேணாம். பல்லை மாத்துவோம்.”

அடுத்த வாரம் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு முனீரோடு பவுல்ராஜின் சைக்கிள் கடைக்குப் போனாள். மாதா கோயில் பக்கத்தில் இருந்த கடை அது. பவுல்ராஜின் மனைவி ஆனந்தமேரி டீச்சருக்கு மெஹராஜ்தான் ரவிக்கை தைப்பாள், அதனால் பழக்கம். பவுல்ராஜ் முதலில் சிரித்தார்.

“தங்கச்சி, வண்டி ஓட்டுறவன் வந்து டயர் கேப்பான், டியூப் கேப்பான். பல்லு எண்ணிக் கேட்டு யாரும் வந்ததில்லம்மா.”

“உங்ககிட்ட என்னென்ன எண்ணிக்கையில இருக்குண்ணே?”

அவருக்கும் தெரியவில்லை. அதில்தான் அவருக்கு ரோஷம் வந்தது. பரணிலிருந்து ஒரு சாக்கைத் தூக்கி முற்றத்தில் கவிழ்த்தார். பழைய செயின்வீல்கள், பிரீவீல்கள், துருப்பிடித்த செயின்கள் எல்லாம் குவியலாக விழுந்தன. மெஹராஜ் ஒரு பக்கமும் பவுல்ராஜ் மறுபக்கமும் உட்கார்ந்து எண்ணினார்கள். பெரியதில் நாற்பத்தெட்டு, நாற்பத்து நாலு, சின்னப்பிள்ளை சைக்கிளிலிருந்து கழற்றிய முப்பத்தாறு. பின்னதில் பதினாறு, பதினெட்டு, இருபது, இருபத்திரண்டு. எண்ணி முடித்ததும் மெஹராஜ் கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பை எடுத்து வண்டியின் பின் டயரைச் சுற்றி அளந்தாள். எண்பத்தெட்டு அங்குலம். கடைச் சுவரிலேயே சாக்பீஸால் கணக்குப் போட ஆரம்பித்தாள்.

இப்போது இருப்பது ஒரு மிதிக்கு, அதாவது பெடல் ஒரு முழுச் சுற்று வந்தால், பத்தொன்பதரை அடி ஓடும். முப்பத்தாறும் இருபத்திரண்டும் போட்டால் பன்னிரண்டு அடி. மிதி பஞ்சு மாதிரி இறங்கும்.

“அதையே போடு தங்கச்சி!” என்றார் பவுல்ராஜ். அதற்குள் அவருக்கும் சூடு பிடித்திருந்தது.

விடியற்காலை சுபுஹுத் தொழுகை முடிந்து முனீர் வரும் நேரத்துக்கு நத்தம் ரோட்டில் ஆள் நடமாட்டம் இருக்காது. மறுநாள் அங்கே போய் இரண்டு மூட்டை மணலை ஏற்றி ஓட்டிப் பார்த்தார்கள். பவுல்ராஜ் கைக்கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பழைய பல்லில் ஐம்பத்தெட்டு நொடி. புதுப் பல்லில் வண்டி அம்பு மாதிரி கிளம்பியது. மெஹராஜ் கை தட்டிவிட்டாள். ஆனால் பாதி தூரம் போனதும் முனீரின் கால்கள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றின. வண்டி மட்டும் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. ஐம்பத்து மூன்று நொடி.

“காலு சும்மா சுத்துது புள்ள! மிதிக்க ஒண்ணுமே இல்ல!” என்று மூச்சு வாங்கினான்.

“கெளம்பறதுக்கு இது சரி, ஓடறதுக்கு அது சரின்னு ரெண்டு பல்லா வைக்க முடியும்? நடுவுல ஒண்ணு இருக்கணும்” என்றாள் மெஹராஜ். அவள் முகத்தில் இருந்த களையைப் பார்த்து முனீருக்கே ஆச்சரியமாக இருந்தது. பெருநாளைக்கு முந்தின வாரம், இருபது சட்டை கையில் இருக்கும்போதுதான் அவள் முகம் அப்படி இருக்கும்.

அப்புறம் ஞாயிறு தோறும் இதே வேலை. ஒவ்வொரு முறையும் பிரீவீலைக் கழற்றுவது பெரும்பாடு. மிதிக்க மிதிக்க அது இறுகிக்கொள்ளும். அதனால் பவுல்ராஜ் இன்னொரு பின் சக்கரம் கொடுத்தார். ஒன்றில் இருபது பல், மற்றொன்றில் இருபத்திரண்டு. முன்னால் நாற்பத்து நாலு. இருபதைப் போட்டால் ஒரு மிதிக்குப் பதினாறு அடி; இருபத்திரண்டைப் போட்டால் பதினாலடி எட்டு அங்குலம்.

இருபதை மாட்டி முதல் முறை ஓட்டிய அன்று முனீர் எழுந்து நின்று முழு பலத்தையும் மிதியில் இறக்கினான். ‘கடக்’ என்று ஒரு சத்தம். கால் சரிந்து, அவன் பார் கம்பியின் மேல் விழுந்தான். முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து ரத்தம் வழிந்தது.

“பல்லு ஒடஞ்சுபோச்சா?” என்று ஓடிவந்தார் பவுல்ராஜ்.

பல் உடையவில்லை. செயின் பல்லின் மேல் ஏறித் தாவியிருந்தது. முனீரின் காலுக்குத் துணியைக் கிழித்துக் கட்டிவிட்டு மெஹராஜ் செயினைக் கழற்றச் சொன்னாள். ரோட்டோரத்தில் அதை நேராகப் போட்டு இஞ்ச் டேப்பைப் பக்கத்தில் நீட்டினாள். செயினில் ஒரு ஊசியிலிருந்து அடுத்த ஊசிக்கு அரை அங்குலம். இருபத்து நாலு எண்ணினால் சரியாக ஓர் அடி வரவேண்டும். டேப்பில் பன்னிரண்டேகால் வந்தது.

“பாருங்கண்ணே. இந்தச் செயின் நீண்டுபோச்சு. பழைய பல்லும் இதோட சேந்தே தேஞ்சதால அதுல ஒக்காந்துச்சு. புதுப் பல்லுல எப்படி ஒக்காரும்? கொக்கி ஒரு எடத்துல, காஜா ஒரு எடத்துல இருந்தா ஜம்பர் மாட்டுமா?”

பவுல்ராஜ் டேப்பையும் செயினையும் மாறி மாறிப் பார்த்தார். இருபது வருஷமாகச் செயின் மாட்டுகிறவர் அவர். “அடியாத்தே” என்றார்.

புதுச் செயின் வந்தது. அதோடு நாற்பத்து நாலு பல் செயின்வீலும் புதுசாகவே வந்தது. பழையதில் பல் நுனியெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கிபோல் ஆகியிருந்ததை மெஹராஜ் விரலால் தடவியே கண்டுபிடித்துவிட்டாள். இன்னொன்றும் அவள் கண்ணில் பட்டது. வண்டியின் பின்னால் குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தபோது முன் பல்லும் பின் பல்லும் ஒரே கோட்டில் இல்லை. மிஷினில் இரண்டு சக்கரமும் நேர்க்கோட்டில் இல்லாவிட்டால் வார் கழன்று விழும் என்பது அவளுக்குத் தெரியும். அச்சில் ஒரு வாஷரைப் போட்டதும் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த ‘கிரிச் கிரிச்’ நின்றது. அந்த நிசப்தத்தைக் கேட்டு மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

இருபது பல்லில் நாற்பத்தேழு நொடி. இருபத்திரண்டில் நாற்பத்தெட்டரை.

“அப்ப இருபதுதான்!” என்று பவுல்ராஜ் கடிகாரத்தைத் தட்டினார்.

“காத்து முதுகுல அடிக்கிறப்ப இருபது” என்றாள் மெஹராஜ். தை மாதம் கிழக்கேயிருந்து காற்று வீசும். பந்தயம் கிழக்கிலிருந்து மேற்கே, ஊரைப் பார்த்து ஓடுவது. அதனால் இருபதே முடிவாயிற்று.

1962 பந்தயத்தன்று காலையில் முனீர் வண்டியில் ஏறியபோது மெஹராஜ் இருபத்திரண்டு பல் சக்கரத்தையும் பலகையில் வைத்தாள்.

“இது எதுக்கு? பாரம்.”

“இருக்கட்டும் மச்சான். கொண்டுபோங்க.”

“ஏற்கெனவே என்னைப் பாத்து ஊரே சிரிக்குது. ‘பொண்டாட்டி பல்லு வச்ச வண்டி’ன்னு பேரு வச்சிட்டானுங்க.”

“சிரிக்கட்டும். கொண்டுபோங்க.”

ஆனந்தமேரி டீச்சர் துணைக்கு வந்ததால் மெஹராஜும் அன்று நத்தம் ரோட்டுக்குப் போனாள். கிழக்குப் பர்லாங் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு புளியமரத்தடியில் இருவரும் குடையை விரித்துக்கொண்டு நின்றார்கள். ரோட்டின் இரண்டு பக்கமும் தலைகள். மலைக்கோட்டைப் பக்கமிருந்து இன்னும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எட்டு வண்டிகள் வந்திருந்தன. இரண்டு இரண்டாக ஓடி, ஜெயித்தவர்கள் மறுபடி ஓடி, கடைசியில் இருவர் மிஞ்ச வேண்டும்.

அப்போது மைக் செட்டில் ஒரு குரல் கரகரத்தது.

“வண்டி ஓட்டும் அன்பர்கள் கவனிக்கவும். ஊர்ப்பக்கம் கரும்பு வண்டிகள் நின்றுவிட்டபடியால் அங்கே வண்டி ஓடி நிற்க இடமில்லை. ஆகவே பந்தயம் மேற்குக் கல்லில் தொடங்கிக் கிழக்குக் கல்லில் முடியும். இன்னும் அரை மணி நேரத்தில் ஆரம்பம்.”

கூட்டம் ‘ஓ’ என்று கத்தியது. யாருக்கும் அது பெரிய விஷயமாகப் படவில்லை. மெஹராஜ் மட்டும் தலையைத் திருப்பிக் காற்று வரும் திசையைப் பார்த்தாள். கிழக்கே போவதென்றால் காற்று நெஞ்சில் அடிக்கும். ரோடும் அந்தப் பக்கம் இம்மி இம்மியாக ஏறும். கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத் தெரியும். அதோடு ஒரு ஓட்டமா, மூன்று ஓட்டம்.

“டீச்சர், வாங்க” என்று துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேற்கே நடந்தாள். நடந்தாள் என்பதுகூடச் சரியில்லை. ஆனந்தமேரி டீச்சர் பின்னால் ஓடவேண்டியிருந்தது.

முனீர் அதற்குள் மேற்குக் கல்லுக்கு வந்து மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான்.

“மச்சான், சக்கரத்தை மாத்துங்க!”

“இப்பவா? உனக்கென்ன பைத்தியமா?”

“எதுத்த காத்து. ஏத்தம். மூணு ஓட்டம். முத ஓட்டத்துலயே உங்க தொடை செத்துப்போகும். மாத்துங்க!”

முனீர் பவுல்ராஜைப் பார்த்தான். பவுல்ராஜ் ஏற்கெனவே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். மூட்டையை இறக்கி, பலகையை ஒரு கல்லின் மேல் சாய்த்தார்கள். நட்டு கழன்றது. சக்கரம் வெளியே வந்தது. இன்னொரு சக்கரம் உள்ளே போனது. “செயின் பத்துமா தங்கச்சி? ரெண்டு பல்லு கூடுதலாச்சே!” என்றார் பவுல்ராஜ்.

“பத்தும்ணே. அச்சை ஒரு கால் இஞ்சு முன்னால தள்ளுங்க, போதும்.”

தள்ளினார். பத்தியது. மெஹராஜ் செயினின் நடுவில் விரலை வைத்துத் தூக்கிப் பார்த்தாள். அரை அங்குலம் ஆடியது. அதற்கு மேல் இறுக்கினால் கனக்கும், தளர்த்தினால் தாவும். “போதும், நட்டை முறுக்குங்க” என்றாள். சுற்றிலும் நின்ற வண்டிக்காரர்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ சிரித்தான். ஒச்சப்பன் சிரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, அவள் விரல் எங்கெங்கே போகிறது என்று உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டு நின்றான்.

முதல் ஓட்டத்தில் முனீர் ஒரு சோடா வண்டிக்காரனைப் பத்துக் கெஜத்தில் தாண்டினான். இரண்டாவதில் ஒரு மரக்கடை வண்டியை. ஒச்சப்பனும் இரண்டையும் ஜெயித்தான். ஆனால் இரண்டாவது முடிந்து திரும்பி வரும்போது அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்துதான் வந்தான். அவனுடைய நாற்பத்தெட்டும் பதினெட்டும் காற்றோடு மல்லுக்கு நின்றிருந்தன.

கடைசி ஓட்டம். பச்சைக் கொடி விழுந்தது.

ஒச்சப்பன் பெடலில் ஏறி நின்று ‘ஊம்’ என்றான். அந்தச் சத்தம் முடிவதற்குள் முனீரின் முன்சக்கரம் அவனைத் தாண்டியிருந்தது. மெஹராஜுக்குத் தன் கால் கட்டைவிரல் செருப்பை அழுத்துவது தெரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அவன் மிதிகளை எண்ண ஆரம்பித்தாள். பதினைந்தாவது மிதியில் முனீர் ஒரு வண்டி நீளம் முன்னால். இருபதில் ஒன்றரை. அதற்குள் ஒச்சப்பனின் வண்டி உருளத் தொடங்கிவிட்டது. அவன் பெரிய முதுகு ஏறி இறங்கியது. இடைவெளி குறைந்தது. இருபத்தேழாவது மிதியோடு தூசி எழும்பி இருவரையும் மறைத்துக்கொண்டது. கூட்டம் ரோட்டில் இறங்கிவிட்டது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

“டீச்சர், என்னாச்சு? தெரியுதா?”

“தெரியலியே மெஹராஜ், வெறும் புழுதிதான் தெரியுது!”

அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள். நாற்பத்து மூன்று. நாற்பத்து நாலு. நாற்பத்தைந்து. நாற்பத்தைந்து மிதியில் கல் வந்திருக்க வேண்டும். தூரத்தில் ஒரு பெரிய இரைச்சல் எழுந்தது. யாருக்கான இரைச்சல்? அவள் ஆனந்தமேரி டீச்சரின் கையைப் பிடித்திருந்த பிடியில் டீச்சரின் வளையல் ஒன்று நொறுங்கியது. மைக் செட் ‘கிர்ர்’ என்றது, இருமியது, மறுபடி ‘கிர்ர்’ என்றது.

“பேகம்பூர்... முனீர்!”

மெஹராஜ் அந்த இடத்திலேயே குதித்தாள். துப்பட்டி தலையிலிருந்து நழுவியதை எடுத்துப்போட டீச்சர்தான் கை நீட்ட வேண்டியிருந்தது. இரண்டு முழம் இடைவெளி என்று அப்புறம் சொன்னார்கள். பரிசாக வந்த பித்தளை அண்டாவை வண்டிப் பலகையில் வைத்து, அதன் பக்கத்தில் மெஹராஜையும் உட்காரவைத்து, முனீர் பேகம்பூர் வரை மிதித்துக்கொண்டு வந்தான். வழியெல்லாம் வெங்காயச் சருகு பறந்தது.

மறுநாள் மத்தியானம் வாசலில் ஒரு பெண்குரல் கேட்டது. ஒச்சப்பனும் அவன் மனைவி மாயக்காளும் நின்றார்கள். மாயக்காள் கையில் ஒரு தூக்குவாளி நிறைய மொச்சைப் பயறு. ஒச்சப்பன் வந்த வழியிலேயே திரும்பிவிடுபவன் போலக் கூச்சத்தோடு நின்றான்.

“சொல்லுய்யா” என்று மாயக்காள் அவனை இடித்தாள்.

“தாயி,” என்றான் ஒச்சப்பன், “எனக்கும் எண்ணிச் சொல்லணும்.”

உள்ளேயிருந்து முனீர் விருட்டென்று எழுந்து வந்தான். “ஏ புள்ள, செத்த உள்ள வா.” அவளை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனான். “அவனுக்கும் பல்லு சொல்லப்போறியா? அப்ப நான் எப்படி ஜெயிக்கிறது?”

“ஜம்பர் தைக்க வர்றவகிட்ட நீ யாரு கட்சின்னு கேட்டுட்டா அளவு எடுக்குறேன்?”

“இது ஜம்பரா?”

“அவரு ஒடம்பு வேற மச்சான், உங்க ஒடம்பு வேற. உங்க அளவு அவருக்குச் சேராது. அவரு அளவு என்னன்னு பாக்கவேணாமா?” அவள் கண் பளபளத்தது. அந்தக் கேள்வி அவளை நேற்று மாலையிலிருந்தே அரித்துக்கொண்டிருந்தது என்பதை முனீர் அப்போதுதான் புரிந்துகொண்டான். தலையில் கையை வைத்துக்கொண்டு அரிசிமூட்டையின் மேல் உட்கார்ந்தான்.

ஒச்சப்பனின் தொடை பெரிது. கால் மெதுவாகச் சுற்றும். ஒரு நிமிஷத்தில் முனீர் நூறு மிதி மிதிப்பான், ஒச்சப்பன் எண்பதைத் தாண்டமாட்டான். மாயக்காளை எண்ணச் சொல்லி, அவனைத் தெருவில் ஓட்டவிட்டு மெஹராஜ் அதைக் கண்டுபிடித்தாள். முனீரின் பல்லைப் போட்டால் அவன் பாதி ரோட்டில் கால் சுற்ற முடியாமல் தவிப்பான். பழைய நாற்பத்தெட்டே முன்னால் இருக்கட்டும், பின்னால் பதினெட்டை எடுத்துவிட்டு இருபது போட வேண்டும் என்று சொன்னாள். செயினையும் அளந்தாள். அது பன்னிரண்டரை வந்தது.

“இதையா இம்புட்டு நாள் இழுத்தீங்க?” என்று அவள் கேட்டதற்கு ஒச்சப்பன், “இழுத்தேன் தாயி, எனக்கென்ன தெரியும்” என்றான்.

1963இல் காற்று முதுகில் அடித்தது. பந்தயம் பழையபடி ஊரைப் பார்த்தே ஓடியது. இந்த முறை மெஹராஜ் முடிவுக் கல்லுக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்திருந்தாள். மாயக்காளும் கூட நின்றாள். கடைசி ஓட்டத்தில் மறுபடி அதே இருவர். முனீருக்கு இருபது பல். கிளம்பினான், முன்னால் போனான். ஆனால் இந்த முறை ஒச்சப்பன் பின்தங்கவில்லை. அவனும் கூடவே கிளம்பினான். இரண்டு வண்டியும் ஒட்டிப் பிறந்தவை போல வந்தன. செயின்கள் இரண்டும் ஒரு சத்தமும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன; மெஹராஜின் காது முதலில் அதைத்தான் கேட்டது. முனீரின் கால் மின்விசிறி மாதிரி சுழன்றது. ஒச்சப்பனின் கால் செக்கு மாதிரி அசைந்து அசைந்து வந்தது. அவள் கத்திக்கொண்டிருந்தாள். என்ன கத்துகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. மாயக்காள் தோளில் தட்டி, “ஏத்தா, நீ எம்புருசன் பேரையும்ல சேத்துக் கத்துற!” என்று சிரித்தபிறகுதான் தெரிந்தது.

ஒச்சப்பன் ஒரு வண்டி நீளத்தில் ஜெயித்தான்.

ஜெயித்தவன் வண்டியை நிறுத்தக்கூட இல்லை. குதித்து இறங்கி முனீரைத் தூக்கிக்கொண்டான். “மாப்ள, கோவிச்சுக்காதலே! ஒம்பொண்டாட்டிதான் என்னை ஜெயிக்க வச்சா!” முனீர் அவன் தோளுக்கு மேலிருந்து மெஹராஜைத் தேடினான். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குக் கோபம் வரவில்லை. அவளைப் பலகையில் ஏற்றிக்கொண்டு வீட்டைப் பார்த்து மிதித்தான்.

“எவ்வளவு நேரத்துல வந்தோம், பவுல்ராஜண்ணே சொன்னாரா?” என்று பாதி வழியில் கேட்டான்.

“அவரு நாப்பத்தி மூணு. நீங்க நாப்பத்தி மூணரை.”

முனீர் பெடலை நிறுத்தினான். “நாப்பத்தி மூணரையா? நானா?” அந்த ரோட்டில் அதுவரை யாரும் அந்த வேகத்தில் மூட்டை கொண்டுபோனதில்லை. “தோத்துப்போய் இம்புட்டு சந்தோசமா இருக்கறவன் நான் ஒருத்தன்தான் புள்ள” என்று சொல்லிவிட்டு அவன் மறுபடி மிதித்தான்.

அதற்குப் பிறகு மெஹராஜின் வீட்டு வாசலில் ஜம்பர் துணி வருகிறதோ இல்லையோ, வண்டி ஒன்று எப்போதும் நின்றுகொண்டிருந்தது. பந்தயம் ஓட்டுகிறவர்கள் மட்டும் வரவில்லை. ரயிலடிக்குத் தோல் கொண்டுபோகிறவர்கள், பலசரக்குக் கடை வண்டிகள், தண்ணீர்க் குடம் ஏற்றுகிறவர்கள் எல்லோரும் வந்தார்கள். நாள் பூராவும் கனத்த பல்லை மிதித்து முழங்கால் வீங்கிப்போனவர்கள்தான் அதிகம். யாருக்கும் அவள் எடுத்த எடுப்பில் பல் சொல்லமாட்டாள். என்ன பாரம், எந்த ரோடு, ஏத்தமா இறக்கமா, தினம் எத்தனை நடை என்று கேட்பாள். அப்புறம் தெருமுனை வரை ஓட்டிக்காட்டச் சொல்வாள். அளவு சொன்னபிறகு பவுல்ராஜின் கடைக்கு அனுப்புவாள். அந்தக் கடையில் இப்போது பல் எண்ணிக்கை எழுதிய தகர டப்பாக்கள் வரிசையாக இருந்தன. கணக்குப் போட்ட சுவருக்கு மட்டும் பவுல்ராஜ் வெள்ளை அடிக்கவே விடவில்லை.

1966 கோடையில் ஒருநாள் காலை, பழனிப் பக்கம் நெய்க்காரப்பட்டியிலிருந்து முத்துச்சாமி என்று ஒரு குடியானவர் முதல் பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். வெல்ல மூட்டை ஏற்றுகிற மூணு சக்கர வண்டி அவருடையது. அதன் செயினை ஒரு துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

“ஏனுங்க, பல்லு சொல்ற அம்மா வூடு இதுதானுங்களா?”

மெஹராஜ் மிஷினிலிருந்து எழுந்து வந்தாள். “நாந்தாங்க. வண்டி எங்கங்க?”

“அது ஊர்ல கெடக்குதுங்க. செயினைக் கொண்டாந்திருக்கறனுங்க. இதப் பாத்துச் சொல்லிப்போட மாட்டீங்களாங்க?”

அவள் செயினை வாங்கி வாசற்படியில் நீட்டி, கழுத்திலிருந்த டேப்பை எடுத்தாள். பன்னிரண்டும் ஒரு நூலும். நல்ல செயின்தான். பல்லில்தான் கோளாறு இருக்கிறது என்றாள். அதுவும் ஆளைப் பார்க்காமல், ரோட்டைப் பார்க்காமல் சொல்ல முடியாது என்றாள். முத்துச்சாமியின் முகம் விழுந்தது.

“மூணு மூட்டைங்க. மில்லிலிருந்து பஸ் ரோட்டுக்கு வர்றதுக்குள்ள ஒரு மேடு இருக்குதுங்க. அதுல தெனமும் எறங்கித் தள்றனுங்க.”

“எம்புட்டு மேடு?”

அவர் கையைச் சாய்த்துக் காட்டினார். மெஹராஜ் அந்தக் கையின் சாய்வைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே திரும்பி, “மச்சான், இன்னைக்கு ஷாப்பு லீவுதான? பழனி பஸ்ஸு எத்தனை மணிக்கு?” என்று கத்திவிட்டு, கொடியில் கிடந்த துப்பட்டியை எடுத்தாள்.